இரணைமடுத் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் பிரதோஷப் பூசை முடிந்து பிரசாதத்துக்காக வரிசையில் நின்றபோது எமது காதில் விழுந்த ஒரு வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். வலிகாமத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர், "குடிக்கத் தண்ணி கேட்டால் தரமாட்டம் எண்டு நிக்கிறது என்ன நியாயம் அண்ணை? எல்லாரும் ஒரே சனம்தானே?" என்றார். முறிகண்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் தமது தட்டை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, ஒரே சனம் எண்டது உங்களுக்குத் தண்ணி தேவைப்பட்டாப் பிறகுதான் ஞாபகம் வருது" என்றார். அதன்பின் இருவரும் பேசவில்லை. பேச்சு இரணைமடுக் குளத்தைப் பற்றியது.

எமது தொழில் கணக்கெழுதுவது. எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர் யாருடைய பெயரில் எழுதுவது என்று கேட்பது எமக்குப் பழகிப்போன ஒன்று. குளத்துத் தண்ணீரை யாருடைய பெயரில் எழுதுவது என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தோம். நினைத்ததுபோல் இலகுவாக இருக்கவில்லை.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்காக இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நாம் கிணற்றில் அள்ளுவது அந்த வில்லையைத்தான். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே அளவாக இருந்தது. பின்னர் தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பெருகின. போட்ட உரத்தின் மிச்சம் கிணற்றில் இறங்கியது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டிப் போய்விட்டது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லாமற்போய் மறுபடியும் கையால் இறைத்தோமே, கிணறுகளுக்கு ஓய்வு கிடைத்தது அப்போது மட்டுந்தான் போலும்!

ஆகவே வலிகாமத்து அன்பரின் தாகம் பொய்யான தாகமன்று.

இனி மற்றப் பக்கம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. அணை பின்னர் சில தடவைகள் உயர்த்தப்பட்டது. இன்று 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் அதனை நம்பியுள்ளன. அந்த வயல்களை ஆக்கியவர்கள் யார்? 1936 இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டதே யாழ்ப்பாணத்தில் நிலமும் வேலையும் போதாமையினால்தான். எமது ஊர்களில் காணி கிடையாதவர்களே மலேரியாக் காட்டை வெட்டப் போனார்கள். கிணற்றடிக்கே வரவிடாமல் நாம் தள்ளிவைத்த குடும்பங்கள் எமது ஊர்களில் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1977 கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்களும் அந்த மண்ணிலே சேர்ந்தார்கள். அவர்களிற் பலர் இன்னமும் வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணியில் கூலிக்காரராகவே வாழ்கிறார்கள் என்பது கிளிநொச்சிக் கமக்காரர்கள் பதில் சொல்லவேண்டிய வேறொரு கணக்கு.

குளத்துத் தண்ணீர் காலபோகத்துக்கு மழையோடு சேர்ந்து போதும். சிறுபோகத்தில் அப்படியல்ல. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, இவ்வருடம் இவ்வளவு ஏக்கர்தான் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். தன் வயல் தரிசாகக் கிடக்க அடுத்தவன் வயலுக்கு நீர் போவதைப் பார்த்துப் பொறுத்திருக்கப் பழகிய மக்கள் அவர்கள். 2010 ஐ அடுத்து ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் யாழ்ப்பாணம், கிளிநொச்சி குடிநீர்த் திட்டம் வந்து, குளத்து அணையை இரண்டு அடி உயர்த்தி அந்த மேலதிக நீரைக் குழாய்வழியே குடாநாட்டுக்குக் கொண்டுபோவோம் என்றபோது அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மழை பொய்த்த வருடத்தில் முதலில் யாருக்கு? அதற்கு அவர்கள் நம்பக்கூடிய பதில் எவரிடமிருந்தும் கிடைக்கவில்லை. 2013 இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் முழுவதும் இந்த இழுபறி நீடித்தது. ஈற்றில் கடல்நீரை நன்னீராக்குவதென முடிவாகி, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அதற்கான நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. குளத்து நீர் மேட்டிலிருந்து வருவது. கடல் நீரை உப்பு நீக்கிக் குடிக்கவோ ஒவ்வொரு துளிக்கும் மின்சாரம் எரிக்கவேண்டும். ஒருவரையொருவர் நம்பாமைக்கு நாம் கட்டும் மாதாந்தக் கட்டணம் அது என்று எமக்குத் தோன்றுகிறது.

பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவர் எவருடைய வயல் நீரையும் கேட்கவில்லை. கனகராயன் ஆற்றிலிருந்து ஆனையிறவுக் கடலேரியில் விழுந்து கடலுக்குப் போகும் மிச்சத்தைத்தான் தடுத்து வடமராட்சிக் கடலேரிக்குத் திருப்பக் கேட்டார். முள்ளியான் வாய்க்கால் முடிவடையாமற் கிடந்தது. மிச்சத்தைக் கேட்பதற்கும் முதலைக் கேட்பதற்கும் எமது தொழிலில் மட்டுமல்ல, அறத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு.

ஆனால் மிச்சம் இல்லாத வருடத்தில்? அங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. பயிர் வாடுவதும் பிள்ளை தாகத்தில் வாடுவதும் ஒன்றல்ல. குடிநீர்தான் முதல் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. முறிகண்டிப் பெரியவரும் அதை மறுக்கமாட்டார். எனினும் குடிப்பவனுக்கு முதலுரிமை என்று சொன்னவுடனே காரியம் முடிந்துவிடாது. அந்தப் போகம் விதைக்காமல் விட்டவனின் வருமானத்தைக் குடித்தவன் ஈடுசெய்ய வேண்டும். அவன் கேட்டுப் பின்னால் அலையாதபடி அது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். எமது கோயிலிலே உபயகாரர் பணம் கொடுக்கிறார், குருக்கள் பூசை செய்கிறார், அடியார் பிரசாதம் பெறுகிறார். கோயில் மூவருக்கும் சொந்தமில்லை; ஆனால் மூவரில் எவரையும் கேளாமல் கதவைப் பூட்டவோ திறக்கவோ முடியாது. வங்கியும் திணைக்களமும் கடன் கொடுத்தன, வரைபடம் கீறின. வாய்க்காலில் சேறு அள்ளுகிறவனைக் கடைசியிற்தான் கூட்டத்துக்கு அழைத்தார்கள்.

நாம் குடியிருக்கும் பேர்மிங்ஹாம் நகரத்துக் குழாயில் வருவதும் பிறர் மண்ணின் நீரே. வேல்சிலுள்ள ஏலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி 1904 இல் திறந்தார்கள். 73 மைல் தூரம் புவியீர்ப்பினாலேயே நீர் வந்து சேர்கிறது. பொறியியலில் அற்புதந்தான். அதற்காக நூற்றுக்கு மேற்பட்டோர் வீடு விட்டெழும்பினார்கள். நட்டஈடு நிலச் சொந்தக்காரருக்கு மட்டுமே கிடைத்தது. பின்னர் 1965 இல் லிவர்பூல் நகரின் தேவைக்காகக் கேப்பல் கெலின் என்ற வேல்சுக் கிராமத்தைப் பள்ளிக்கூடத்தோடும் தேவாலயத்தோடும் நீரில் அமிழ்த்தினார்கள். அந்நகரசபை மன்னிப்புக் கேட்டது 2005 இல். நாற்பது வருடம் கழித்து. தண்ணீர் கட்டண பில்லில் நீருக்கு ஒரு தொகை, கழிவுநீருக்கு ஒரு தொகை என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கிராமத்துக்கென்று ஒரு வரியும் இல்லை.

இவற்றையெல்லாம் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்க்கணக்காகும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது எமக்கு வயது பதினைந்து. தென்மராட்சிக்கும், பிறகு கிளாலியால் வன்னிக்கும் போனோம். மறுவருடம் புரட்டாதியில் கிளிநொச்சியும் கைமாறும் வரை ஒரு வயற்கரையில் கொட்டில் போட்டிருந்தோம். இரணைமடு வாய்க்காலிற்தான் குளிப்பு. அந்தக் காணிக்காரரின் கிணற்றிற்தான் குடிநீர். எத்தனை குடும்பங்கள் அந்தக் கிணற்றில் அள்ளின என்று எண்ண முடியாது. எவ்வூர், என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை. வாடகையும் கேட்கவில்லை. அம்மா ஒருநாள், "உங்கட கிணறு வத்தப் போகுது" என்று வெட்கத்தோடு சொன்னபோது, "வத்தினால் எல்லாருக்கும் வத்தட்டும் பிள்ளை" என்றார். அவர் தாமாகக் கொடுத்ததைப் பின்னாளில் நாம் உரிமை என்று எழுதிக் கேட்டோமா என்ற எண்ணம் எம்மை விடவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2012 இல் ஊர் வீட்டைத் திருத்தியபோது குழாய்க்கிணறு அடிக்கக் காசு அனுப்பினோம். வீட்டில் வருடத்தில் ஒரு மாதம்தான் ஆள் இருக்கும். மற்ற மாதங்களில் பார்த்துக்கொள்பவர் மோட்டரைப் போட்டு மாமரத்துக்கும் குரோட்டன் செடிகளுக்கும் விடுவார். சில வருடங்களில் அயல்வீட்டு அக்காவின் கிணறு உவர்த்துவிட்டது. எமது குழாய்க்கிணறுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. அந்த ஒழுங்கையில் வெளிநாட்டுக் காசில் அடித்தவை இன்னும் பல உண்டு. இப்படியான விளக்கத்தை எழுதித் தருபவர்களைக் கணக்காய்வின்போது நாம் நம்புவதில்லை. போன ஆவணியில் அக்கா வாளியோடு வந்து, "தம்பி, கொஞ்சம் பிடிக்கட்டோ?" என்று கேட்டார். அவருடைய நிலத்துக்கடியிலிருந்து வந்த தண்ணீருக்கு அவர் எம்மிடம் அனுமதி கேட்டார். நாமும் பெருந்தன்மையாக, "எடுங்கோ அக்கா, இதென்ன கேள்வி" என்றோம்.

இதை முறிகண்டிப் பெரியவரிடம் போன வெள்ளிக்கிழமை சொன்னோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "மோட்டரைக் கழட்டினியளோ?" என்று மட்டும் கேட்டார். இன்னும் கழற்றவில்லை.