தாள் என்ற சொல்

அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் 1791-இல் நடைமுறைக்கு வந்தது. ஆள், வீடு, தாள், உடைமை ஆகிய நான்கின் மீதும் நியாயமற்ற சோதனையோ பறிமுதலோ கூடாது என்கிறது அது. எழுதியவர்கள் இறகுப்பேனாக் காலத்து மனிதர்கள். அந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டு இன்றைய கைப்பேசியை எப்படி அளப்பது?

சொல்லின் பழம்பொருளைத் தேடுகிறவர்கள் அகராதியைப் புரட்டுவார்கள். நான் பாஸ்டன் நகருக்குப் போகச் சொல்வேன். 1761-இல் அங்கே பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகளிடம் ஒருவகை ஆணை இருந்தது. இன்னார் என்ற பெயரும் இன்ன வீடு என்ற குறிப்பும் அதில் இராது. கடத்தல் சரக்கு இருக்குமென்று சந்தேகம் வந்தால் போதும், எவர் வீட்டுக்குள்ளும் நுழையலாம். ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர் அதை எதிர்த்து மணிக்கணக்கில் வாதாடித் தோற்றார். மன்றத்தில் அமர்ந்து கேட்ட 25 வயது இளைஞர் ஜான் ஆடம்ஸ் பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியானார். விடுதலை என்ற குழந்தை பிறந்தது அன்றுதான் என்று முதுமையில் நினைவுகூர்ந்தார். அந்த நான்கு சொற்களும் இப்படிப் பட்ட காயத்திலிருந்து வந்தவை. காயத்தை மறந்துவிட்டுச் சொல்லை மட்டும் படித்தால் பொருள் கைநழுவிவிடும்.

1928-இல் அப்படித்தான் நழுவியது. சியாட்டில் நகரில் மதுக் கடத்தல்காரர் ஒருவரின் தொலைபேசியை வெளியே செல்லும் கம்பியில் இணைப்புக் கொடுத்து ஒட்டுக்கேட்டார்கள். வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை, எதையும் எடுக்கவில்லை, ஆகவே சோதனையே நடக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். நீதிபதி பிராண்டைஸ் சற்றுத் தள்ளிப் பார்த்தார். இழுப்பறையைத் திறக்காமலே உள்ளிருக்கும் தாள்களை நீதிமன்றத்தில் காட்டும் வழி ஒருநாள் வரலாம் என்று தம் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். அவர் சொன்னதை அந்த நீதிமன்றம் ஏற்க 39 ஆண்டுகள் ஆயின.

பழம்பொருளைப் பற்றிக்கொள்வது புதிய உரிமைக்குப் பகை என்று எண்ணுபவர்களுக்கு 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைக் காட்டலாம். ஓரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுச் சுவரின் வெப்பத்தைத் தெருவிலிருந்தே கருவியால் அளந்தார்கள், உள்ளே கஞ்சாச் செடி வளர்க்கப்படுகிறதா என்று அறிய. அது சோதனையே, நீதிமன்ற ஆணை இல்லாமல் கூடாது என்று எழுதியவர் நீதிபதி ஸ்கேலியா. பழம்பொருளிலிருந்து விலகக் கூடாது என்று வாதிட்டு வந்தவர் அவர். 1791-இல் ஒரு வீட்டுக்கு எவ்வளவு மறைவு இருந்ததோ அவ்வளவு இன்றும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இதுவே நேர்மையான வாசிப்பு என்பது என் எண்ணம். 2014-இல், கைதானவரின் கைப்பேசியை நீதிமன்ற ஆணையின்றித் துழாவக் கூடாது என்று அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

நம் இந்திய அரசியல் சட்டத்தில் தாளைக் காக்கும் அப்படியொரு பிரிவு இடம்பெறவில்லை. 1954-இல் நம் உச்ச நீதிமன்றம் இதையே சுட்டிக்காட்டி, அந்த அமெரிக்கப் பாதுகாப்பு இங்கே இல்லை என்றது. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 21-ஆம் பிரிவிலுள்ள உயிர், தனிமனித சுதந்திரம் என்ற சொற்களுக்குள்ளேயே அந்தரங்க உரிமை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது.

தமிழில் தாள் என்றால் காகிதம். கதவைத் தாளிடும் தாழ்ப்பாளுக்கும் அதே பெயர். மடித்து ஒட்டி வந்த இன்லேண்ட் கடிதத்தை, பெயருக்குரியவர் வரும்வரை பிரிக்காமல் மாடத்தில் செருகி வைத்த வீடுகள் நம்மிடையே ஏராளம். அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. இன்று அதே வீடுகளில் மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவள் கைப்பேசியைக் கணவன் திறக்கிறான். மகளின் குறுஞ்செய்திகளைப் படிப்பதை வளர்ப்பு என்கிறோம். அரசிடம் நாம் கேட்கும் மறைவை நம் வீட்டார் நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? இன்றிரவு அந்தக் கைப்பேசியை எடுக்கக் கை நீளும்போது, உரியவரை ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால், மாடத்திலேயே வைத்துவிடுங்கள்.