மறைப்பு யாருக்குக் காவல்?

துப்பறியும் நாவல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். கொலையாளி இன்னார் என்று தெரிந்ததும் நூலை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறோம். அகதா கிறிஸ்டியின் ‘ஸ்லீப்பிங் மர்டர்’ அவ்வளவு எளிதில் நம்மை விட்டுவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதி, தம் மறைவுக்குப்பின் கணவருக்குப் பயன்படட்டும் என்று ஆசிரியை பூட்டிவைத்த நூல் இது. அவர் மறைந்த 1976ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. புதைந்த இரகசியத்தைப் பேசும் கதையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்திருக்கிறது!

இந்தியாவில் பிறந்து, நியூசிலாந்தில் உறவினரிடம் வளர்ந்தவள் க்வெண்டா. மணமானபின் இங்கிலாந்துக்கு வந்து, கடலோரச் சிற்றூர் ஒன்றில் வீடு வாங்குகிறாள். இவ்விடத்தில் ஒரு வாயில் இருந்தால் நன்றாயிருக்குமே என்று அவள் எண்ணிய இடத்தில், பூசி மறைக்கப்பட்ட பழைய வாயில் ஒன்று இருக்கிறது. அவள் மனக்கண்ணில் கண்ட பூப்போட்ட சுவர்த்தாள், நெடுநாள் திறவாத அலமாரிக்குள் அப்படியே ஒட்டியிருக்கிறது. சின்னஞ்சிறு குழந்தையாக அவள் வாழ்ந்த வீடுதான் அது. அங்கே மாடிப்படிக் கம்பிகளுக்கிடையே அவள் கண்டது தன் சிற்றன்னை ஹெலனின் உயிரற்ற உடல்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் கிளற வேண்டாம் என்று தடுப்பவர் யார் தெரியுமா? துப்பறிவதிலே பெயர்பெற்ற மூதாட்டி மிஸ் மார்ப்பிள்! அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. க்வெண்டாவின் தந்தை, மனைவியைத் தாமே கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டதாக நம்பி, மனநோய் விடுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர் என்பது பின்னர் தெரியவருகிறது. தோண்டத் தோண்டக் கிடைப்பது தந்தையின் குற்றமாகவே இருந்துவிட்டால், புதுமணப் பெண் அதை எங்ஙனம் சுமப்பாள்?

முடிவைச் சொல்லாமல் நம் கருத்தைச் சொல்ல இயலாது. படிக்க எண்ணியிருப்போர் பொறுத்தருள்க. கொலையாளி ஹெலனின் அண்ணன், வேறு தாய் வயிற்றில் பிறந்த டாக்டர் கென்னடி. தங்கையின் கணவருக்கு மருந்தூட்டிச் சித்தம் கலங்கச் செய்தவரும் அவரே. ஆக, க்வெண்டாவின் தந்தை குற்றமற்றவர். மகளின் நெஞ்சு குளிர்ந்தது. ஆகவே தோண்டியது நன்றே என்று பலர் அமைதி கொள்வர். நமக்கு அந்த அமைதி போதவில்லை. தந்தையே கொலையாளியாக இருந்திருப்பின் தோண்டியது தவறாகியிருக்குமா? இல்லை என்பதே நம் துணிபு. ஏனெனில் இங்கே உரிமை கோரி நிற்பவள் க்வெண்டா அல்லள், ஹெலன்.

கணவனைத் துறந்து எவனுடனோ ஓடிப்போனவள் என்று ஊர் அவளைப் பேசிற்று. ஆடவர்மீது பித்துக்கொண்டவள் என்றது. அதற்குச் சான்றாகப் பெட்டியில் துணிகள் காணாமற் போயிருந்தன; பின்னர் அவள் பெயரால் கடிதங்களும் வந்தன. அத்தனையும் அண்ணனின் கைவேலை. அவள் நடத்தையைப் பற்றி ஊரார் அறிந்ததெல்லாம் அவருடைய வாய்மொழியே என்பதை மிஸ் மார்ப்பிள்தான் கவனிக்கிறார். மணம் புரிந்து அமைதியாக வாழ விரும்பியதன்றி அப்பெண் வேறொன்றும் செய்தாளில்லை. கற்புடைய பெண்மீது அவதூறு சுமத்துவதைப் பெரும்பாவமாகக் கொள்ளும் நாம் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். குடும்ப மானம் என்று நாம் மூடிவைப்பவற்றுள் எத்தனை, குற்றம் செய்தவனுக்குக் காவலாகவும், வாய்திறக்க இயலாதவளுக்குத் தண்டனையாகவும் இருக்கின்றன? தவறி விழுந்து திருந்தியவரின் பழைய குறையை மறைப்பது வேறு. அதைக் கிளறுவோரை நாம் ஆதரிக்கவில்லை.

நூலில் நம்மை உறுத்துவது இன்னொன்று. லில்லி என்பவள் முன்பு அவ்வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவள். க்வெண்டா தம்பதியர் செய்தித்தாளில் கொடுத்த விளம்பரத்தைக் கண்டு, ஏதேனும் பணம் கிடைக்குமோ என்ற ஆசையில், யோசனை கேட்டு டாக்டருக்கே கடிதம் எழுதுகிறாள். அவரைக் காண வந்த வழியிலேயே கொல்லப்படுகிறாள். தோண்டியவர்கள் பிழைத்தார்கள், விலை கொடுத்தவள் அவள். ஆசிரியை அவளுக்காக அதிகப் பக்கங்கள் செலவிடவில்லை. பெட்டியிலிருந்த துணிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஓடிப்போகிறவள் இப்படி எடுத்துச் செல்லமாட்டாள் என்று அன்றே ஐயுற்றவள் லில்லிதான். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.