கட்டுச்சோறும் கடமையும்: ஹஜ்ஜுக்காகச் சேமித்தல்

ஹஜ் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்று. ஆனால் தொழுகையைப் போல எல்லார் மீதும் விழும் கடமை அல்ல. சென்றுவர வசதி உள்ளவர் வாழ்நாளில் ஒருமுறை நிறைவேற்ற வேண்டியது. அந்த வசதி எது என்பதில்தான் சேமிப்பைப் பற்றிய மார்க்கக் கேள்வி தொடங்குகிறது.

ஷாஃபி மத்ஹபின், அதாவது அந்தச் சட்டப் பள்ளியின், நூல்கள் இதைக் கறாராகக் கணக்கிடுகின்றன. போக்குவரத்துச் செலவு மட்டும் கையில் இருந்தால் போதாது. கடன் தீர்ந்திருக்க வேண்டும். போய்த் திரும்பும்வரை வீட்டில் இருப்பவர்களின் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் வைத்துவிட்டுப் போக வேண்டும். தேவைக்கு அளவாகக் குடியிருக்கும் வீட்டை இதற்காக விற்க வேண்டியதில்லை. இவ்வளவும் போக மிஞ்சினால்தான் கடமை.

அப்படியானால், மிஞ்சாதவர் பாடுபட்டு மிச்சம் பிடித்தாவது போக வேண்டுமா? வேண்டாம் என்பதே சட்ட அறிஞர்களின் விடை. ஒரு கடமை தம்மீது வந்து சேர்வதற்கான நிபந்தனையை உண்டாக்கிக்கொள்வது எவருக்கும் கடமையல்ல. ஜகாத் கொடுப்பதற்காகவே ஒருவர் பணக்காரர் ஆக வேண்டியதில்லை என்பதைப் போல. ஆக, முப்பது ஆண்டுகள் சில்லறை சேர்க்கும் கூலித்தொழிலாளி அதுவரை எந்தக் கடமையையும் நிறைவேற்றிக்கொண்டிருக்கவில்லை. கடமை தன்னிடம் வரட்டும் என்று வாசலைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார். சட்டம் கேட்காத இந்த உழைப்பைச் சட்டத்தின் கணக்கில் அடக்க முடியாது. இந்தக் கேள்வியின் அழகே அதுதான்.

எதிர்முனையிலும் ஒரு வாதம் உண்டு: இறைவனை நம்பிப் புறப்பட்டுவிட்டால் அவன் பார்த்துக்கொள்ள மாட்டானா? இதற்கு விடை பழையது. யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள், தங்களை இறைவனிடமே பொறுப்பை ஒப்படைத்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள், மக்கா வந்ததும் ஊராரிடம் கையேந்துவார்கள் என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் நபித்தோழர் இப்னு அப்பாஸின் அறிவிப்பு ஒன்று இருக்கிறது. வழிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் குர்ஆன் வசனம் (2:197) அதையொட்டியே அருளப்பட்டது என்பது அந்த அறிவிப்பு. தன் வயிற்றை அடுத்தவர் தலையில் கட்டுவதை நம்பிக்கை என்ற கணக்கில் வைக்க முடியாது.

சேர்க்கலாம் என்று முடிவாயிற்று, எங்கே சேர்ப்பது? சிக்கல் முழுக்க இங்கேதான். வங்கி வட்டி கொடுக்கும், வட்டி ஹராம், அதாவது தடுக்கப்பட்டது. புனிதப் பயணத்துக்கான பணத்தில் அது ஒரு காசு கலந்தாலும் மனம் ஒப்பாது. மலாயாவின் கிராமத்து விவசாயிகள் இதனால் பணத்தை மெத்தைக்கு அடியிலும் மூங்கில் குழாயிலும் வைத்தார்கள். அது பெருகவில்லை, விலைவாசி ஏற ஏறத் தேய்ந்தது. போதாதபோது வயலையும் மாட்டையும் விற்றார்கள். ஹாஜி என்ற மரியாதையோடு ஊர் திரும்பியவர் பிழைக்க நிலமில்லாமல் நின்றார்.

இதைக் கண்டு 1959இல் ஒரு திட்டம் எழுதியவர் பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஜீஸ். சிறு சேமிப்புகளை ஒன்றுதிரட்டி, மார்க்கம் அனுமதிக்கும் தொழில்களில் முதலிட்டு, லாபத்தைச் சேமித்தவர்களுக்கே பகிர்வது என்பது அதன் சாரம். 1962இல் மலாயா வந்த எகிப்தின் அல் அஸ்ஹர் கல்வி நிலையத்தின் தலைவர் ஷேக் மஹ்மூத் ஷல்தூத் அதற்கு இசைவு தந்தார். எகிப்தின் அஞ்சலகச் சேமிப்புக்குக் கிடைக்கும் ஆதாயத்தையே அனுமதிக்கப்பட்டது என்று சொன்னவர் அவர். 1963இல் அந்தத் திட்டப்படி அமைந்த சேமிப்புக் கழகம் செயல்படத் தொடங்கியபோது 1,281 பேர் 46,600 வெள்ளி போட்டிருந்தார்கள். 1969இல் பினாங்கில் இயங்கிவந்த ஹஜ் விவகார அலுவலகத்தோடு அது இணைந்தது. இன்று அதன் பெயர் தாபுங் ஹாஜி. சேமித்தவர்களுக்குக் கிடைக்கும் ஆண்டு ஆதாயத்துக்கு அங்கே முன்பு ஹிபா, அதாவது அன்பளிப்பு என்று பெயர் இருந்தது. முன்கூட்டியே விகிதம் சொல்லாததால் அது வட்டி ஆகாது. ஜகாத்தையும் நிறுவனமே கணக்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. ஹஜ்ஜுக்கென்று ஒதுக்கிய பணமானாலும், ஏறக்குறைய பத்தரைப் பவுன் தங்கத்தின் மதிப்பை எட்டி ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைக்குரியது.

ஆனாலும் ஒரு நெருடல் தீரவில்லை. லாபம் அனுமதிக்கப்படுவதற்குக் காரணம், நட்டத்துக்கும் முதல் போட்டவர் துணிந்திருப்பதுதான். தாபுங் ஹாஜியில் போட்ட பணத்துக்கோ சட்டப்படி அரசின் உத்தரவாதம் உண்டு. நட்டமே வராது என்ற உறுதியோடு வருவதை லாபப் பங்கு என்பதா? உத்தரவாதம் தருவது தொழில் நடத்துபவர் அல்ல, மூன்றாம் தரப்பான அரசு என்பது ஆதரிப்போர் வாதம். சட்டத்தின் எழுத்துக்கு அது போதும். வட்டி ஏன் தடுக்கப்பட்டது என்ற காரணத்துக்குப் போதுமா என்பது வேறு.

இப்போது பணத்தைவிடப் பெரிய தடை வரிசை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற அளவில் சவூதி அரசு இடம் ஒதுக்குகிறது. மலேசியாவில் கணக்கில் 1,300 ரிங்கிட் இருந்தாலே பெயர் பதியலாம். முறை வரப் பல பத்தாண்டுகள் ஆகும். பணம் சேர்ந்துவிட்டது, வழி திறக்கவில்லை. வசதி என்பதில் வழி திறந்திருப்பதும் அடக்கம் என்பதால், கடமை இன்னும் வரவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது. கடமையான பின் செல்லாமலே ஒருவர் இறந்தால், ஷாஃபி சட்டப்படி பாகப்பிரிவினைக்கு முன்பே அவர் சொத்திலிருந்து செலவழித்துப் பதிலி ஹஜ் செய்விக்க வேண்டும். வரிசையில் நின்றபடியே இறந்தவரின் சேமிப்பு முதலில் அந்தப் பதிலிக்கா, வாரிசுகளுக்கா என்பது, கடமை அவர்மீது வந்துவிட்டதா என்ற பழைய கேள்விக்குத் தரும் விடையைப் பொறுத்தது. பதிலியாகப் போகிறவர், எப்படியும், தம் சொந்த ஹஜ்ஜை முன்பே முடித்தவராக இருக்க வேண்டும்.