ஒட்டின கழுத்தும் மறைத்த விரிசலும்



பழுதான ஒரு பொருளைச் சரிசெய்துவிட்டோம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, "இது உடைந்து ஒட்டினது" என்று சொல்லத்தான் வேண்டுமா? கேட்காதபோது சும்மா இருந்தால் அது பொய்யாகுமா? கூடுவாஞ்சேரியில் எங்கள் சபையில் இந்தக் கேள்வி ஒரு பேஸ் கிட்டாரால் வந்தது.

ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழுந்ததில் அதன் கழுத்தில், தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, விரிசல் கண்டது. அந்தக் கிட்டாரை நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் கூடுகிற ஒரு சின்ன ஜெபக்குழுவுக்குக் கொடுப்பதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தோம். வாலிபர் ஒருவர், "அண்ணா, ஒட்டி பாலிஷ் போட்டுட்டா யாருக்கும் தெரியாது, அப்படியே குடுத்துடலாம்" என்றார். மூத்த சகோதரர் ஒருவரோ, "உடைஞ்சதைக் குடுக்கிறதே தப்பு பிரதர், தூக்கிப் போடுங்க" என்றார். இரண்டுமே சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். பேஸ் கிட்டாரின் நான்கு தடித்த கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது கழுத்தின் மேல் விழுகிற இழுப்பு ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் அதில் தொங்குகிற மாதிரி. அந்த இழுப்பில் கழுத்து வளைந்துவிடாதிருக்கத்தான் பெரும்பாலான கிட்டார்களில் உள்ளே ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி வைக்கிறார்கள். ஆகவே விரிசலைக் கண்டதும் முதல் வேலை, கம்பிகளைத் தளர்த்துவது. பிறகு அது மேல் வார்னிஷில் விழுந்த கீறல்தானா, மரமே பிளந்திருக்கிறதா என்று பார்க்கணும். லேசாக வளைக்கும்போது கோடு வாய் திறந்தால், மரம் பிளந்திருக்கிறது.

மரத்தின் இழையோடு நீளமாகச் சாய்ந்து ஓடின பிளவு என்றால் நம்பிக்கை உண்டு. பசை பிடிக்க நிறைய இடம் இருக்கிறது. இழைக்குக் குறுக்கே முறிந்தால் வெறும் பசை போதாது. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸ் கிட்டாரில் கழுத்தைத் திருகாணியால்தான் மாட்டினார்கள். அந்த மாதிரிக் கிட்டார் என்றால் கழுத்தை மட்டும் கழற்றி வேறு மாட்டிவிடலாம்.

எங்களுடையது நீளப் பிளவு. தாம்பரம் பக்கம் மரவேலை செய்கிற ஒரு பெரியவர் அதைச் சரிசெய்தார். மூடுவதற்கு முன்னால் அவர் விரிசலை இன்னும் கொஞ்சம் திறந்தார். உள்ளே இருந்த தூசியை ஊதி எடுத்தார். மரப்பசையை அடி வரைக்கும் இறங்கவிட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்க யாரையும் தொடவிடவில்லை. "மேலாப்ல பூசினா மூடும், ஒட்டாது" என்றார். இப்படி நன்றாக ஒட்டின இடம் பக்கத்து மரத்தைவிட உறுதியாகவே நிற்கும். எனவே தூக்கிப் போடத் தேவையில்லை.

அவ்வளவு உறுதி என்றால் பிறகு ஏன் சொல்லணும்? அந்த 80 கிலோ இழுப்பை அதன் மேல் ஏற்றப்போகிறவர் அவர் என்பதால். தெரிந்திருந்தால் சுவரில் சாய்த்து வைக்கமாட்டார், வெயிலில் விடமாட்டார், ஐப்பசி மழையில் மரம் ஊறும் நாட்களில் அந்தக் கோட்டை ஒருதரம் பார்த்துக்கொள்வார். தெரியாதிருந்து ஒருநாள் அது திறந்துகொண்டால், அப்போது கையில் வைத்திருக்கிற பையன், "நான்தான் உடைச்சிட்டேன்" என்று அழுவான். மறைத்தவன் கையில் அது உடைவதில்லை. ஒன்றும் அறியாதவன் கையில் உடைகிறது. பழுதை மறைக்கிறவன் தன் குற்றத்தையே அடுத்தவன் தோளில் ஏற்றி அனுப்புகிறான்.

தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வீணை அது. ஒரே பலா மரத்தில் குடைந்ததற்கு ஏகாண்ட வீணை என்று பெயர். குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஒட்டு என்று பெயரிலேயே இருக்கிறது! அதைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை; வாங்குகிறவரும் தெரிந்தே வாங்குகிறார்.

"அடுத்தவர் குறையை மூடுவதும் அன்புதானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். கிட்டாரைத் தட்டிவிட்ட தம்பி யார் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. அந்தப் பெயர் தெரிந்தால் கழுத்து ஒரு இம்மிகூட உறுதியாகப் போவதில்லை. விரிசல் இருந்த இடத்தை மட்டும் விரல் வைத்துக் காட்டினோம். வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை என்றோம். அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். மனுஷனுடைய தவறை மூடலாம். பாரம் தாங்கவேண்டிய இடத்திலுள்ள பழுதை மூடக்கூடாது.

இது கிட்டாரோடு முடிகிற காரியமல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அப்படித் தண்ணீர் ஏறின வீட்டில், சுவரிலுள்ள கறைக்கு மேல் பெயிண்ட் அடித்து விற்பது ஒன்று. தரையை உயர்த்திக் கட்டி, "இவ்வளவு உயரம் தண்ணி வந்துச்சு" என்று கையால் காட்டி விற்பது இன்னொன்று. விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் அடுத்த மழையில் பிள்ளைகளோடு அந்த வீட்டில் படுத்துத் தூங்கப்போகிறவர் அவர். விபத்தில் அடிபட்ட பைக்கை விற்கும்போதும் இதே நியாயம்தான்.

ஆகவே பிரியமானவர்களே, எதையாவது கைமாற்றிக் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இதை நம்பி இதன் மேல் பாரம் ஏற்றப்போகிறவருக்கு, எனக்குத் தெரிந்தது தெரியுமா? கர்த்தர் தாமே உண்மை பேசும் தைரியத்தை நம் யாவருக்கும் தருவாராக.