கறியை விட்டால் மட்டும் விரதம் ஆகிடுமா? ஒரு பாரிஸ் சமையல்காரர் கிளப்பும் கேள்வி



விரதம்னு சொன்னதும் நம்ம மனசுல முதலில் வருவது ஒரு பட்டியல். கறி கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. சில வீடுகளில் வெங்காயம், பூண்டும் கூடாது. இந்தப் பட்டியலைச் சரியாகக் கடைப்பிடித்துவிட்டால் விரதம் முழுமை ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியது ஒரு பிரெஞ்சு உணவகம். அதைப் பற்றித்தான் இன்னைக்கு எழுதறேன்.

பாரிஸில் வரென் தெருவில் 'ஆர்பெஜ்' என்று ஓர் உணவகம் இருக்கு. அலென் பஸார் என்ற சமையல்காரர் 1986-ல் தொடங்கியது. 1996-ல் மிஷெலின் வழிகாட்டி அதற்கு 3 நட்சத்திரம் கொடுத்தது. உணவக உலகத்தில் அதற்கு மேல் ஒரு மதிப்பு கிடையாது. பஸார் பேர் வாங்கியதே இறைச்சியை வாட்டி எடுக்கும் கைப்பக்குவத்தில்தான்.

அப்படிப்பட்டவர் 2001-ல் ஆடு, மாட்டு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்துவிட்டார். பிரெஞ்சு சமையலில் காய்கறி என்பது பெரும்பாலும் இறைச்சிக்குப் பக்கத்தில் ஓரமாக வைக்கும் துணை. அந்தத் துணையைத் தூக்கித் தட்டின் நடுவில் வைத்தார். நட்சத்திரங்கள் போய்விடும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். போகவில்லை.

2025 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போனார். மீன், கோழி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எல்லாமே நிறுத்தம். வெண்ணெய் இல்லாத பிரெஞ்சு சமையலை யோசிச்சுப் பாருங்க! சொந்தத் தேன்கூடுகளிலிருந்து வரும் தேனுக்கு மட்டும் விதிவிலக்கு.

இதுவரை படித்தவுடன் "ஆஹா, ஜீவகாருண்யம்!" என்று தோன்றும். ஆனால் கதை அவ்வளவு நேரானது இல்லை. 2001-ல் அவர் பேசியது உயிர்க்கொலை பாவம் என்ற கோணத்தில் இல்லை. இறைச்சியோடு அவருக்கு இருந்த உறவு அறுந்து போயிருந்தது. அதில் புதிதாகச் செய்ய எதுவும் தோன்றவில்லை. 2025-லும் தன் சொந்த வாழ்க்கையில் கொஞ்சம் கோழி, மீன் சாப்பிடுவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

அப்போ இதில் அறம் எங்கே இருக்கு? கருணை காரணமாக இல்லாத சைவத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

என் பதில்: உண்டு. அது அவர் விட்டதில் இல்லை. விட்ட இடத்தில் எதைக் கொண்டு வந்து வைத்தார் என்பதில் இருக்கு.

2002-ல், பாரிஸிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, சார்த் பகுதியில் உணவகத்துக்கென்றே ஒரு காய்கறித் தோட்டம் போட்டார். பிறகு நார்மண்டி பக்கம் இன்னும் இரண்டு. ஓர் இடத்தில் மணல் பாங்கான மண், இன்னொரு இடத்தில் களிமண். எந்தக் காய்க்கு எந்த மண் ஒத்துவரும் என்று பார்த்துப் பார்த்து வளர்க்கிறார்கள். ரசாயன உரம், பூச்சிமருந்து இல்லை; உழவுக்குக் குதிரை. தக்காளிக்குப் பருவம் இல்லையென்றால் தக்காளி இல்லை, அவ்வளவுதான்.

ஆபீஸ் வேலையாக பாரிஸ் போனபோது சேர்த்து வைத்த காசில் ஒரு மதியம் அங்கே சாப்பிட்டேன். ஒரு முழு பீட்ரூட்டைத் தோலோடு கல்லுப்புக் குவியலுக்குள் புதைத்து, அடுப்பில் வேகவைத்து, அப்படியே ஆறவிட்டு, உப்பு ஓட்டை உடைத்து எடுத்து நறுக்கித் தருகிறார்கள். பெரிய மசாலா எதுவும் இல்லை. பீட்ரூட்டுக்கு இவ்வளவு ருசியா என்று நினைக்கும்போதே வேறொன்றும் உறைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் "இதில் கறி இல்லை" என்று ஞாபகப்படுத்தவே இல்லை. இல்லாததைப் பற்றிப் பேச்சே இல்லை. இருப்பதைப் பற்றி மட்டும்தான்.

இப்போ நம்ம பக்கம் பாருங்க. விரத நாளில் "மட்டன் மாதிரியே இருக்கும்" என்று மீல்மேக்கர் குழம்பு. சஷ்டி ஆறு நாளும் காலண்டரைப் பார்த்து, ஏழாம் நாள் பிரியாணிக்கு இப்பவே பிளான். வாய் விரதம் இருக்கு. மனசு முழுக்க அந்த விட்ட பொருள்தான் ஓடிட்டு இருக்கு. சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், கோடை டெலிட் பண்ணிட்டோம், பின்னணியில் புராசஸ் மட்டும் நிற்காமல் ஓடுது.

சரி, இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி வரும். அங்கே ஒரு மதியச் சாப்பாட்டுக்கு நம்ம காசில் 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும். "அந்தக் காசில் எத்தனை பேருக்கு அன்னதானம் பண்ணலாம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பல பேருடைய உழைப்பு அந்த விலைக்குள் இருக்கு என்பது உண்மை. அதே விலை பெரும்பாலான மனிதர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதும் உண்மை. காயை இவ்வளவு மதிக்கும் கவனம், பசித்தவன் வரைக்கும் போகாவிட்டால் அது உயர்ந்த ரசனையாக நிற்கும், அறமாக ஆகாது.

இங்கேதான் எனக்கு வள்ளலார் ஞாபகம் வருகிறார். உயிரைக் கொல்லாதே என்பதோடு அவர் நிறுத்தவில்லை. 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். இன்றைக்கும் அது அணையாமல் எரிகிறது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போகிறது. தன் தட்டில் ஒன்றை விட்டவர், அடுத்தவர் தட்டில் ஒன்றை வைத்தார்.

பஸாரிடம் நான் எடுத்துக்கொள்வது பாதிப் பாடம்: விட்ட இடத்தைக் காலியாக விடாதே, கவனத்தால் நிரப்பு. மீதிப் பாதி வடலூரில் இருக்கு: அந்தக் கவனத்தை உன் தட்டோடு நிறுத்தாதே. முதல் பாதி மட்டும் இருந்தால் நாக்குக்கு நல்லது. இரண்டும் சேர்ந்தால்தான் விரதம்.

இதற்கு 20,000 ரூபாய் தேவையில்லை. அடுத்த சஷ்டிக்குப் பட்டியலோடு இரண்டு வேலையைச் சேர்த்துக்கோங்க. ஒன்று, அந்தப் பருவத்தில் விளைந்த ஒரு காயை நீங்களே வாங்கி, நீங்களே நறுக்கி, சமைச்சு, போனைத் தள்ளி வெச்சுட்டுச் சாப்பிடுங்க. அம்மா தினமும் செய்யற வேலை எவ்வளவு என்றும் அப்போ புரியும். இரண்டு, அன்னைக்கு நீங்க விட்ட வேளைக்கு ஆகியிருக்கும் காசை எடுத்து, பசியோட இருக்கிற ஒருத்தருக்குச் சூடா ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுங்க.

வேலும் மயிலும் துணை!