பாத்திரம் அறிந்து

பாத்திரம் அறிந்து பிச்சையிட வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. தேசம், காலம், பாத்திரம் என்னும் மூன்றையும் ஆராய்ந்து, கைம்மாறு கருதாமல், கொடுப்பது கடமை என்ற ஒரே எண்ணத்தோடு கொடுக்கப்படுவதே சாத்விக தானம் என்று பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் இலக்கணம் வகுக்கிறது. இவ்விரு வாக்கியங்களையும் நெடுங்காலமாகப் போற்றி வருகிற நாம், கொடுக்கிறவனுடைய திண்ணையில் அமர்ந்தபடியே அவற்றுக்குப் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். ஏற்க வந்தவன் யார், அவனுடைய யோக்கியதை என்ன என்று ஓயாமல் விசாரிக்கிறோம். கொடுக்கிறவனுக்குக் கொடுக்கும் யோக்கியதை உண்டா, உண்டாயின் அதை அவன் யாரிடம் பெற்றான் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. இந்தக் கேள்வியைச் சாஸ்திர ஏடுகளிலிருந்து எடுத்து வெயிலில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள், மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்தில் தொண்டு செய்யப் போகும் அயல்நாட்டு இளைஞனுடைய அன்றாட வாழ்க்கையைச் சற்றே கவனித்தால் போதும்.

இத்தகைய தொண்டு நம் காலத்தில் ஒரு பெரிய இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. 1958இல் அலெக் டிக்சனும் அவர் மனைவி மோராவும் பிரிட்டனில் இளைஞர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பும் ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1961 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 'பீஸ் கோர்' என்னும் சமாதானத் தொண்டர் படையை அமைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி, விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த கானா நாட்டின் தலைநகரான அக்ராவில், அந்தப் படையின் முதற் குழுவினர் 51 பேர் விமானத்திலிருந்து இறங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்த அவர்கள், வரவேற்க நின்றவர்களுக்கு முன்னால் முதன்முதலாகச் செய்த காரியம், அந்த நாட்டுத் துவி மொழியில் ஒரு பாட்டுப் பாடியதுதான். ஆசிரியர்களாக வந்தவர்கள் மாணவர்களாகக் கற்றுக்கொண்டதை ஒப்பித்துக்கொண்டே அந்த மண்ணில் கால் வைத்தார்கள் என்பதை எண்ணும்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

அத்தகைய தொண்டர்கள் செல்லும் நாடுகளுள் ஒன்றான செனெகலின் நடுப்பகுதியில், காவோலாக் நகரைச் சூழ்ந்து, நிலக்கடலையும் கம்பும் விளைகிற மணற்பாங்கான சமவெளி ஒன்று பரந்து கிடக்கிறது. சாலும் என்பது அதன் பெயர். ஆனி ஆடியில் இறங்கும் மழை ஐப்பசிக்குள் ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானத்தை நம்பிப் பயனில்லை. மூன்று மாதப் பயிற்சியும் இரண்டாண்டுப் பணியுமாக 27 மாதங்களுக்கு ஒப்புக்கொண்டு அங்கே ஒரு குடியானவர் வீட்டுக்கு வந்து சேரும் தொண்டனிடமிருந்து, அவன் எதையும் கொடுக்கத் தொடங்கும் முன்பே, அவனுடைய பெயரை ஊரார் வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டாரின் குலப்பெயரும், பெரும்பாலும் ஊரில் ஒருவருடைய இயற்பெயரும் அவனுக்குச் சூட்டப்படுகின்றன. பெயர் தந்தவர் வொலோஃப் மொழியில் அவனுக்குத் 'துரந்தோ', அதாவது பெயரில் பங்காளி, ஆகிறார்; அன்று முதல் அவ்விருவரும் ஒருவரிடம் ஒருவர் உரிமையோடு கேட்கவும் ஒருவருக்கொருவர் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.

பெயர் புதிதானதோடு நில்லாமல் பருவமும் அவனுக்குப் பின்னோக்கிப் போய்விடுகிறது. சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவனுக்கு அவ்வூரில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சொற்கள் தெரியா. ஆழ்கிணற்றில் கயிற்றை இழுத்தால் உள்ளங்கை கொப்பளிக்கிறது. வாளி மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடுகிறது. விடியுமுன் இரண்டு மூன்று பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டுக் கம்பு இடிக்கிற தாளத்தினூடே இவனும் ஓர் உலக்கையைத் தூக்கிக்கொண்டு புகுந்தால் தாளமே குலைகிறது. அவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே எப்படிப் பிடிப்பது என்று காட்டியும் தருகிறார்கள். ஆத்மிக சாதகர்கள் பல்லாண்டு முயன்றும் எளிதில் அடைய முடியாத அகங்கார நாசம் இங்கே உரலும் கயிறுமாக வந்து கற்பிக்கப்படுகிறது.

பேச்சில் அவனுக்குக் கிடைக்கும் முதற் பாடம் முகமன். அது ஒரு சொல்லில் முடிகிற சடங்காக இல்லாமல், கேள்வியும் விடையுமாக நீண்டு செல்கிறது. 'நங்க தெஃப்?' என்று கேட்கிறார்கள். நீ எவ்வாறு செய்கிறாய் என்பது அதன் சொற்பொருள். அதற்கு மரபாகச் சொல்லும் விடை 'மாங்கி ஃபி ரெக்': நான் இங்கேதான் இருக்கிறேன், அவ்வளவே. வீட்டார் எப்படி? அவர்கள் அங்கே இருக்கிறார்கள். சமாதானம்தானே? சமாதானம் மட்டுமே, இறைவனுக்கே புகழனைத்தும். வினா செயலைப் பற்றியதாக இருக்க, விடை இருப்பைப் பற்றியதாக அமைந்திருக்கும் இந்த அழகை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஏதேனும் செய்து காட்ட வேண்டும் என்னும் தாகத்தோடு கடல் கடந்து வந்தவனை, நாள் ஒன்றுக்குப் பலமுறை, 'நான் இங்கே இருக்கிறேன், அவ்வளவே' என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிற அம்மொழி, குருவின் உபதேசத்துக்கு எவ்வகையில் குறைந்தது?

நண்பகலில் உணவு வருகிறது. பாயின் நடுவே பூப்போட்ட எனாமல் பேசின் ஒன்று; அதைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் தோளோடு தோள் உரசக் குந்தியிருக்கிறார்கள். கை கழுவி, 'பிஸ்மில்லா' என்று இறைவன் பெயரைச் சொல்லி, வலக்கையை இடுகிறார்கள். அவரவர் முன்னே உள்ள சோறு அவரவர் பங்கு. அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரப்பைச் சிறு குழந்தையும் தாண்டுவதில்லை. நடுவில் ஒரு மீன், ஒரு கத்தரிக்காய், ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு. அவற்றைப் பங்கிடும் உரிமை வீட்டம்மாளுக்கே உரியது. அவள் மீனை முள் நீக்கிப் பிய்த்து, விரல் நுனியால் ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளுகிறாள்; தள்ளும்போது யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதுமில்லை. விருந்தினனுக்கு முன்னால் வந்து சேரும் சதைத் துண்டு பெரிது. அவள் கைக்கு எஞ்சுவது தலையும் முள்ளுமே. அதைக் கண்டுகொண்ட அவன் 'சூர் நா', வயிறு நிறைந்துவிட்டது, என்று எழப் பார்த்தால், 'லெக்கல்', சாப்பிடு, என்று அதட்டி உட்கார வைக்கிறாள். விருந்தோம்பும் இப்பண்பைத் 'தெராங்கா' என்று அவர்கள் வழங்குகிறார்கள்.

பாத்திரம் என்னும் சொல்லுக்கு வடமொழியில் இரண்டு பொருள் உண்டு: கலம் என்பது ஒன்று, தானம் பெறத் தகுந்தவன் என்பது மற்றொன்று. தகுந்த பாத்திரத்தைத் தேடிக் கண்டங்களைக் கடந்து வந்தவன், ஒரு கலத்தின் முன்னால் அமர்த்தப்பட்டுத் தானே பாத்திரமாகிப் போகிறான். ஏற்பவனுக்குக் கொடுப்பவன் நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் கொடுத்துத் தூய்மை பெறும் வாய்ப்பை அவனே அளிக்கிறான் என்று விவேகாநந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் வற்புறுத்தினார். அவ்வுபதேசத்தின் உயர்வை மறுப்பார் யார்? ஆயினும் அதிலும்கூடக் கொடுப்பவன் கொடுப்பவனாகவே நின்றுகொண்டு வணங்குகிறான். சாலும் கிராமத்துத் தாயோ அவன் நிற்குமிடத்தையே மாற்றி, அவனை உட்கார வைத்துவிடுகிறாள்.

அப்படியானால் ஏற்பதைத் தீதென்றும் ஈவதை நன்றென்றும் ஈகை அதிகாரத்தில் தீர்ப்பளித்த வள்ளுவர் வாக்கு என்னாவது என்று தமிழ் படித்தவர்கள் கேட்கக்கூடும். வள்ளுவர் கண்டித்தது மானம் இழந்து பிறர் கையை எதிர்பார்க்கும் இரவை. அதிதியாய் அமர்ந்து உண்பது இரவாகாது. ஆகுமாயின், விருந்தோம்பலுக்கென்று அவர் தனி அதிகாரம் வகுத்திருக்க மாட்டார். விருந்தை ஏற்க ஒருவனும் இல்லாவிடில் அந்த அறம் நிற்க இடமின்றிப் போகுமன்றோ?

இந்த உண்மையைச் செனெகல் நாட்டு முஸ்லிம் மக்கள் தங்கள் வழிபாட்டிலேயே அமைத்திருக்கிறார்கள். மனத்தில் கவலை உள்ளவரோ, நெடும்பயணம் புறப்படுகிறவரோ சமயப் பெரியவர் ஒருவரிடம் சென்றால், சர்க்கரைக் கட்டியோ, கோலாக் கொட்டையோ, மெழுகுவர்த்தியோ, பாலோ இன்னாருக்குக் கொடு என்று அவர் பணிப்பதுண்டு. 'சரஹ்' என்னும் அந்தத் தருமத்தைக் கொடுத்தாலன்றி வந்தவருடைய காரியம் கைகூடாது. ஆகவே அதிகாலையில் ஏற்பவனைத் தேடிக்கொண்டு கொடுப்பவர் தெருவில் நடக்கிறார். அங்கே தேவை யாருடையது? மனிதனுக்கு மனிதனே மருந்து என்பது வொலோஃப் மக்கள் எங்கும் வழங்கும் பழமொழி. மருந்துக்கு அவர்கள் சொல்லும் 'கரப்' என்னும் சொல் மரத்துக்கும் பெயர் என்பதையும் சேர்த்து நினைத்தால், நிழலும் நோய்தீர்க்கும் இலையும் ஒரே வேரில் நிற்பது கண்முன் தோன்றும்.

இவ்வாறு சொல்வதால் தொண்டே வீண் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. 1968இல் மெக்ஸிகோவின் குவெர்னவாக்கா நகரில், கிராம சேவைக்கு வந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் என்னும் கத்தோலிக்க குரு, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று கடுமையாகப் பேசினார். உபகாரம் என்ற பெயரால் நடைபெறும் அதிகாரத்தை அவர் கண்டு சொன்னது சத்தியமே. எனினும் மலேரியாக் காய்ச்சலில் துடிக்கும் குழந்தைக்குத் தத்துவம் மருந்தாகாது. அதற்கு மாத்திரை வேண்டும், கொசுவலை வேண்டும். கொடுக்கவே கூடாது என்பதைவிட, கொடுக்கும் தகுதி எப்போது வருகிறது என்பதே சரியான கேள்வி.

அதற்கு முருங்கை ஒன்றையே சாட்சியாக வைக்கலாம். நம் நாட்டிலிருந்து அங்கே பரவிய அந்த மரத்தை அவர்கள் 'நெபெதாய்' என்கிறார்கள். அதன் கீரையை நிலக்கடலையோடு சேர்த்துக் குழம்பாக்கி, இரவில் கம்புச் சோற்றின்மேல் ஊற்றி உண்கிறார்கள். கீரையை வேகவைத்த நீரைக் கொட்டுவதில் சத்துப் போகிறது. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்தால் கோடையிலும் குழந்தைக்கு ஊட்டலாம். இது தொண்டன் கொண்டுவரக்கூடிய மெய்யான உபகாரம். வந்த முதல் வாரத்தில் படம் காட்டி இதைப் போதித்தால், அந்தத் தாய் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டுத் தன் வழியே சமைப்பாள். அவள் குழம்பை ஓராண்டு உண்டவன், அவள் பக்கத்தில் அமர்ந்து இலை உருவிக்கொண்டே சொன்னால், அது ஒரு மகன் தாய்க்குச் சொல்லும் சேதியாக அவள் செவியில் விழும். விருந்தாய் ஏற்ற கைக்கே கொடுக்கும் யோக்கியதை உண்டாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆவணி, புரட்டாசியில், சென்ற ஆண்டுத் தானியம் தீர்ந்து புதுக் கதிர் முற்றாத நாட்களில், அந்த எனாமல் பேசினில் சோறு குறைகிறது, கைகள் குறைவதில்லை. தொண்டன் தன் படிப்பணத்தில் அரிசி மூட்டை வாங்கிப் போடலாம், தேயிலையும் சர்க்கரையும் வாங்கித் தரலாம். நோயுற்றால் அவனை அழைத்துப் போக வண்டி வரும். அவர்களுக்கு வராது. ஆகையால் நானும் அவர்களைப் போலவே வறுமையில் வாழ்ந்தேன் என்று அவன் ஊர் திரும்பிச் சொல்வது பொய். கட்டை எத்தனை காலம் நீரில் கிடந்தாலும் முதலையாகாது என்று மாலி நாட்டுப் பம்பாரா மக்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கட்டை நனைகிறது. நனைந்ததை மறவாதிருப்பதே அதனால் ஆகக்கூடிய தருமம்.

27 மாதம் முடிந்து அவன் புறப்படும் நாளில் ஊரார் கை கொடுக்க வருகிறார்கள். உண்பதும் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்தான். இடக்கையை நீட்டுவது அங்கே பெரும் அவமரியாதை. ஆயினும் நெடும்பயணம் போகிறவனுக்கு அவர்கள் வேண்டுமென்றே இடக்கையைத் தருகிறார்கள். செய்த தவற்றைச் சரிசெய்ய ஒருநாள் மீண்டும் சந்தித்தே தீரவேண்டும் என்பது அதன் கருத்து. கணக்கைத் தீர்த்து அனுப்புவது அந்நியனுக்குச் செய்யும் மரியாதை. தம்மவனுக்குப் பாக்கி வைத்தல்லவா அனுப்புவார்கள்? கடன் என்னும் நம் சொல் திருப்பித் தரவேண்டியதையும் செய்தே ஆகவேண்டியதையும் ஒருசேரக் குறிப்பதன் நியாயம் அப்போது விளங்குகிறது. அந்தத் தாயும் கடைசியாக வந்து, நாள்தோறும் அவனுக்கு மீன் பிய்த்துப் போட்ட கையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டுகையில், அவன் தன் இடக்கையால் அதைப் பற்றிக்கொள்கிறான்.