சம்பளச் சீட்டில் திருச்சபை

ஜெர்மனியில் வேலை பார்ப்பவரின் சம்பளச் சீட்டில் வருமான வரிப் பிடித்தம் இருக்கும்; ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, நீண்டகாலப் பராமரிப்பு ஆகிய காப்பீடுகளுக்கான பிடித்தங்களும் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ பதிவானவருக்கு இன்னொன்றும் சேரும்: திருச்சபை வரி. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் இது வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். ஒருவரின் மாத வருமான வரி 500 யூரோ என்றால், பெர்லினில் 45 யூரோவும் மூனிக்கில் 40 யூரோவும் அவரது திருச்சபைக்குப் போகும். இறைவனுக்கான காணிக்கையை அரசு வரியோடு சேர்த்துப் பிடிப்பது முறையா? அதைத் தர மறுப்பவர் விசுவாசி இல்லாமல் ஆகிவிடுவாரா?

மற்றப் பிடித்தங்களோடு வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி தெளிவாகும். ஓய்வூதியக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 18.6 சதவீதம் போகிறது. பாதி தொழிலாளியுடையது, பாதி முதலாளியுடையது. மாதம் 4,000 யூரோ வாங்குபவரிடம் 372 யூரோ பிடிப்பார்கள். 1889இல் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கிய இந்தக் காப்பீடு, 1957இல் அடனாவர் ஆட்சியில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. இன்று உழைப்பவரின் பணம் இன்றைய முதியவருக்கு நேரே போய்விடுகிறது. யார் பெயரிலும் சேமிப்பாக நிற்பதில்லை. ஆனாலும் கட்டியவருக்கு உரிமை உண்டு. ஓய்வூதிய உரிமை சொத்துரிமைக்குரிய பாதுகாப்பைப் பெறும் என்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் பெறக் குறைந்தது 5 ஆண்டுகள் கட்டியிருக்க வேண்டும். 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜெர்மன் ஒப்பந்தத்தின்படி இரு நாட்டுக் காப்பீட்டுக் காலங்களையும் சேர்த்தே அந்த 5 ஆண்டைக் கணக்கிடலாம்.

கட்டாயப் பிடித்தத்தையே எதிர்த்த சிந்தனையாளர்களும் உண்டு. உழைத்துச் சம்பாதித்த பணத்தின் மீதான வரி கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று ராபர்ட் நோசிக் 1974இல் வாதிட்டார். லியாம் மர்ஃபியும் தாமஸ் நேகலும் 2002இல் அதை மறுத்தார்கள். சட்டம், நீதிமன்றம், நாணயம், சந்தை எல்லாம் வரிப்பணத்தில் நடப்பவை; அவை இல்லாமல் சம்பளமே இல்லை; ஆகவே வரிக்கு முந்தைய சம்பளத்தை முழுக்க ஒருவரின் சொந்தம் என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். வருமான வரிக்கும் ஓய்வூதியத்துக்கும் இது வலுவான பதில். திருச்சபை வரிக்கு இது உதவாது. யாருடைய சம்பளமும் திருச்சபையால் விளைவதில்லை. அந்த வரிக்கு அடிப்படை உறுப்பினரின் சம்மதம் ஒன்றுதான். அந்தச் சம்மதமோ, பெரும்பாலும் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் தந்த திருமுழுக்கிலிருந்து வருகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1803இல் ஜெர்மன் சிற்றரசுகள் திருச்சபை நிலங்களைப் பறித்துக்கொண்டன. பதிலுக்குத் திருச்சபையின் செலவைத் தாங்கும் பொறுப்பும் அவற்றின் தலையில் விழுந்தது. அந்தச் சுமையை விசுவாசிகள் பக்கம் தள்ள 19ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரி பிறந்தது. 1919இன் வைமார் அரசியலமைப்பு அரசுத் திருச்சபை என்பதையே ஒழித்தது. ஆனால் வரி விதிக்கும் உரிமையை விட்டுவைத்தது. 1949இன் அடிப்படைச் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு ஊர்க்கோயில்களின் தலைக்கட்டு வரியை ஊரே தண்டுகிறது. ஜெர்மனியில் வருமான வரி அலுவலகம் தண்டி, அதற்கொரு கட்டணத்தையும் கழித்துக்கொண்டு தருகிறது.

இதன் நியாயமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். வருமான வரி கட்டாதவர் திருச்சபை வரியும் கட்டுவதில்லை. சிறு ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டியும் மாணவரும் வேலையிழந்தவரும் ஒரு காசு தராமலே முழு உறுப்பினர்கள். இருப்பவர் தருகிறார், இல்லாதவரிடம் யாரும் கேட்பதில்லை. பெரும் செல்வந்தர் ஒருவரின் நன்கொடையை நம்பி நிற்கும் சபையைவிட இது நேர்மையானது.

சிக்கல் விலகும்போது வருகிறது. விலக விரும்புபவர், மாநிலத்துக்கு ஏற்ப, உள்ளூர் நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ அறிவிக்க வேண்டும். விலகியவருக்கு ஒப்புரவும் நற்கருணையும் இல்லை, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது, மனந்திரும்பாமல் இறந்தால் திருச்சபை அடக்கமும் மறுக்கப்படலாம் என்று 2012 செப்டம்பரில் ஜெர்மன் கத்தோலிக்க ஆயர் பேரவை ஆணையிட்டது. வரியை மட்டும் விட்டு விசுவாசத்தில் நீடிக்கும் அரைவிலகல் சட்டத்தில் இல்லை என்று அதே மாதம் லைப்ஸிக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் சொன்னது. ஆனால் 2006இல் வத்திக்கான் சட்ட அவை வேறு விதமாக விளக்கியிருந்தது: அரசு அலுவலகத்தில் போடும் கையெழுத்து மட்டும் விசுவாசத் துறப்பு ஆகாது; உள்ளத்தின் முடிவும், திருச்சபை அதிகாரி முன் அதைத் தெரிவிப்பதும் வேண்டும். வத்திக்கானின் விளக்கமே சரி. மூதாட்டியிடம் காசு கேட்காமல் தரும் நற்கருணையை, காசு தர மறுத்தவருக்கு இல்லை என்றால் அது கட்டணம்போல் ஆகிவிடுகிறது. கட்டாயத்தால் தராமல் மனம் உவந்து தரவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலின் போதனைக்கும் அது பொருந்தவில்லை.

இத்தாலி வேறு வழியில் போகிறது. அங்கே வருமான வரியில் 0.8 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. அது தம் சமயத்துக்கா, வேறொன்றுக்கா, அரசின் நற்பணிகளுக்கா என்பதை வரி கட்டுபவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்காததால் யாருடைய விசுவாசமும் கேள்விக்குள்ளாவதில்லை.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் தமிழ்க் கிறிஸ்தவர் முகவரிப் பதிவுப் படிவத்தில் சமயம் கேட்கும் கட்டத்தை அவசரத்தில் நிரப்பிவிடக் கூடாது. அங்கே எழுதுவது நேரே சம்பளச் சீட்டுக்கு வரும். உண்மையையே எழுத வேண்டும். எழுதுமுன் அதன் விளைவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிக்கப்பட்ட திருச்சபை வரியை ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிவாகக் காட்டலாம்.